பக்கத்து நாடும் பக்கத்துத் தெருவும்

(அனந்தபுரத்தில் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களைச் சரிசெய்திருக்கிறேன். பேச்சு மொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



"நமது பண்பாடும் அண்டை நாடுகளின் பண்பாடும்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசில் பார்த்ததும் சிரிப்பு வந்தது. நான் பேராசிரியர் இல்லை. கம்பி கட்டுற வேலைக்கு சார்ஜாவுக்குப் போனவன். 1996லிருந்து 2004 வரைக்கும் எட்டு வருசம் அங்கே இருந்தேன். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை தவிர வேற நாடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனா அண்டை நாடுகள் அத்தனையும் என் ரூமுக்கு வந்திருந்தன. ஒரு ரூம், மூணு இரும்புக் கட்டில், மேலேயும் கீழேயுமா ஆறு பேர். பாகிஸ்தான் பஞ்சாபுக்காரர் ஒருத்தர், உத்தரப்பிரதேசம் ஆசம்கர் ஆள் ஒருத்தர், வங்கதேசத்து இந்து ஒருத்தர், மலைநாட்டு நேபாளி ஒருத்தர், மட்டக்களப்புத் தமிழர் ஒருத்தர், நான். ஆசம்கர் நம்ம நாடுதானேன்னு கேட்கலாம். அனந்தபுரத்துக்காரனுக்கு ஆசம்கரும் வெளிநாடுதான், அது போகப் போகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை லீவு. சமைச்சுச் சாப்பிட்டுட்டு ஊர்க்கதை பேசுவோம். ஒருநாள் எனக்கு வீட்டிலிருந்து கடுதாசி வந்தது. மாமன் மகளைப் பேசி முடிச்சிருக்கோம், லீவு போட்டுட்டு வான்னு எங்கம்மா எழுதச் சொல்லியிருந்தாங்க. சந்தோசமா ரூமில் சொன்னேன். ஆசம்கர்காரர் முகம் சுளிச்சார். "மாமா பொண்ணா? அது உனக்குத் தங்கச்சிடா. சீ" என்றார். எனக்கு ரத்தம் கொதிச்சது. பாகிஸ்தான்காரர் குறுக்கே வந்து, "இதில் என்ன தப்பு? நான் என் சித்தப்பா மகளைத்தான் கட்டியிருக்கேன்" என்றார். இப்போ ஆசம்கர்காரரும் நானும் ஒரு கட்சியாயிட்டோம். சித்தப்பா மகளைக் கட்டுறதா? அது கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி ஆச்சே! ஆசம்கர்காரர் அடுத்த குண்டைப் போட்டார். அவர் ஊரில் ஒரே கிராமத்துக்குள்ளேயே கல்யாணம் கிடையாதாம். ஊர்ப் பெண்கள் எல்லாம் தங்கச்சிங்களாம். எனக்குப் பேசியிருந்த பெண் எங்க வீட்டிலிருந்து நாலாவது வீடு.

மட்டக்களப்புக்காரர் அமைதியாக் கேட்டுக்கிட்டிருந்தார். அவர் ஊரில் கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பெண் வீட்டுக்குப் போகணும். வீட்டை மகள் பேரில் எழுதிக் கொடுப்பார்கள். குடி என்கிற வம்சக்கணக்கே தாய்வழிதான். நாங்க நாலுபேரும் "வீட்டோட மாப்பிள்ளை"ன்னு கேலி பண்ணினோம். அவர், "உங்கட ஊரில பெம்பிளைப் பிள்ளை வீடு வாசலை விட்டிட்டு வாறாளே, அவளை ஆர் கேலி பண்ணுறது?"ன்னு திருப்பிக் கேட்டார். யாருக்கும் பதில் வரலை.

இதெல்லாம் சும்மா வேடிக்கைக் கதை இல்லை தோழர்களே. அரசாங்கத்தின் தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 சொந்தத்துக்குள் நடக்குது. பாகிஸ்தானில் பாதிக்கு மேல். வட இந்தியாவில் அதைப் பாவம் என்கிறார்கள். 1955 இந்து திருமணச் சட்டமே நெருங்கிய உறவில் கல்யாணம் கூடாதுன்னு எழுதிட்டு, வழக்கம் இருக்கிறவங்களுக்கு மட்டும் விலக்குன்னு ஒரு சந்து விட்டிருக்கு. அந்தச் சந்து வழியாத்தான் நாம மாமன் மகளைக் கூட்டிட்டு வர்றோம். பூட்டானுக்குப் போனா கதை இன்னும் வேற. அந்நாட்டு அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக் கூடப்பிறந்த அக்கா தங்கச்சிகள் நாலு பேரையும் ராணிகளா ஏத்துக்கிட்டதை 1988இல் ஊரறியக் கல்யாணமா நடத்தினார். குடிமக்கள் யாரும் கலாச்சாரம் கெட்டதுன்னு கொடி பிடிக்கவில்லை. இலங்கையில் கண்டிப் பக்கம் சிங்களரிடையே அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு பெண்ணோட குடித்தனம் நடத்துவது வழக்கமாக இருந்தது. "ஒரே வீட்டில் சாப்பிடுவது"ன்னு அதுக்கு மரியாதையான பேரு. 1859இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு அதை நிறுத்தினான். அதே கண்டியில் பின்ன என்கிற கல்யாணத்தில் புருசன் பெண் வீட்டுக்கு வருவான். எப்ப வேணாலும் அவனை வெளியே அனுப்பலாம். அதனால ஊன்றுகோல், தீப்பந்தம், மழைக்குத் தாளிப்பனை ஓலை மூணையும் கைக்கெட்டுற இடத்தில் வச்சிருக்கணும்னு அங்கே பேச்சு வழக்காம்.

அப்போ எது ஒழுக்கம்? எது குடும்பப் பண்பாடு? ஆத்தைத் தாண்டினா ஒண்ணு, கடலைத் தாண்டினா ஒண்ணு. நம்ம ஊர்ல மேடை போட்டு, "ஐயாயிரம் வருசப் பண்பாடு, தாய்க்குலத்தின் மானம்"னு முழங்குறவங்களை அந்த ரூமில் ஒரு வெள்ளிக்கிழமை உட்கார வச்சிருக்கணும்.

ஆனா அந்த ரூமில் நடந்த இன்னொண்ணையும் சொல்லணும். அதைச் சொல்றதுக்குத்தான் இந்தத் தலைப்புக்கு ஒத்துக்கிட்டேன்.

ஒரு ராத்திரி கரண்டு போயிடுச்சு. வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஏதோ சினிமாக் கதை பேசும்போது யாரோ கேட்டாங்க: "உன் தங்கச்சி வேற சாதிக்காரனோட போயிட்டா என்ன பண்ணுவே?" மாமா பொண்ணு, சித்தப்பா பொண்ணுன்னு ஒருத்தரோடொருத்தர் சண்டை போட்டவங்க எல்லாம் அன்னிக்கு ஒரே வாய். பாகிஸ்தான்காரர், "வெட்டிடுவோம்" என்றார். அவர் மதத்தில் சாதி இல்லை, ஆனா பிராதரி இருக்கு. ஆசம்கர்காரர், "வெட்டிடுவோம்" என்றார். அவரும் பிராதரி என்கிற அதே வார்த்தையைத்தான் சொன்னார். ஒரே வார்த்தை ரெண்டு நாட்டுக்கும் போதுமானதா இருந்தது. வங்கதேசத்துக்காரர் தலையை ஆட்டினார். மட்டக்களப்புக்காரர், "விட ஏலாது" என்றார். நேபாளி மட்டும் வாயைத் திறக்கலை.

நான் என்ன சொன்னேன்? "வெட்டிடுவோம்"னு சொன்னேன்.

அந்த ரூமில் நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. கேட்டப்ப வேற ஒரு சாதியைச் சொல்லி வச்சிருந்தேன். சேரிக்காரன்னு தெரிஞ்சா சட்டியைத் தனியா வச்சிடுவாங்களோன்னு பயம். பொய் சொன்ன சாதிக்கு ஏத்த மாதிரி பேசணுமே, அதனாலதான் சொன்னேன்னு பல வருசம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அது முழு உண்மை இல்லை. சொல்லும்போது உள்ளுக்குள்ளே ஒரு தெம்பு இருந்தது. ஆம்பளைங்க வரிசையில் சேர்ந்துட்ட தெம்பு.

ரெண்டு நாள் கழிச்சு நேபாளி என்கிட்ட தனியாச் சொன்னார். "நீங்கள்லாம் வெட்டுறதைப் பத்திப் பேசினீங்க. எங்க ஊர்ல நான் ஆசைப்பட்டா என்னைத்தான் வெட்டுவாங்க." அவர் காமி, கொல்லுப்பட்டறைச் சாதி. அங்கே அது தீண்டப்படாத சாதி. பேருக்குப் பின்னால் பி.கே.ன்னு போட்டிருப்பார். நான் நம்ம ஊர் இனிஷியல் மாதிரின்னு நினைச்சிருந்தேன். விஸ்வகர்மா என்கிற சாதிப்பேரைச் சுருக்கி ஒளிச்சு வச்சது அது. நானும் ஒளிச்சிருந்தேன், அவரும் ஒளிச்சிருந்தார், ஒரே கட்டிலில் மேலேயும் கீழேயுமாப் படுத்திருந்தோம். அன்னிக்காவது நான் யாருன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லலை.

2020 மே மாசம் ஊரடங்குல வீட்ல இருக்கும்போது அந்த ரெண்டு எழுத்தைத் திரும்பப் பார்த்தேன். நேபாளத்தில் மேற்கு ருக்கும் மாவட்டம், சோதி என்கிற ஊர். நவராஜ் பி.கே., 21 வயசுப் பையன். ஆதிக்க சாதிப் பெண்ணைக் கட்டிக் கூட்டிவரச் சிநேகிதர்களோட மே 23ஆம் தேதி அந்த ஊருக்குப் போனான். ஊர்க் கூட்டம் கல்லாலும் தடியாலும் அடிச்சுத் துரத்தியது. பேரி ஆத்திலிருந்து பிணங்களை எடுத்தார்கள். நவராஜோட சேர்த்து ஆறு பேர். செத்த சிநேகிதர்களில் தலித் அல்லாத பையன்களும் உண்டு. சிநேகிதத்துக்குப் போன இடத்தில் அவங்களுக்கும் அதே கல்லு.

நேபாளம் சட்டத்தில் குறைஞ்ச நாடு இல்லை. 1854இல் முலுக்கி ஐன்னு ஒரு சட்டப் புத்தகம் போட்டு, எவன் எவளைத் தொட்டா என்ன தண்டனைன்னு சாதிவாரியா எழுதி வச்ச நாடுதான் அது. 1963இல் அதை எடுத்தாங்க. 2009இல் தலித்தும் தலித் அல்லாதவரும் கல்யாணம் பண்ணினா ஒரு லட்ச ரூபாய்னு அரசாங்கம் அறிவிச்சது. 2011இல் தீண்டாமைக்கு எதிராத் தனிச்சட்டம். சோதி ஊர் வழக்கில் 2023இல் இருபதுக்கும் மேற்பட்டவங்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தாங்க. நம்ம அரசாங்கமும் கலப்பு மணத்துக்குத் தாலிக்குத் தங்கமும் பணமும் தருது. வாங்கிக்கிட வேண்டியதுதான். ஆனா தாலிக்குத் தங்கம் கொடுக்கிற அரசாங்கம் தாலி கட்டினவனோட கழுத்துக்கு உத்தரவாதம் கொடுக்கலை.

பாகிஸ்தானைப் பற்றியும் சொல்லிடுறேன். அங்கே கொன்னவனைக் கொல்லப்பட்டவளின் குடும்பமே மன்னிச்சு விடலாம்னு சட்டம். கொன்னவன் அண்ணன், மன்னிக்கிறவர் அப்பா, எவ்வளவு வசதி பாருங்க! 2016 ஜூலையில் கந்தீல் பலோச் என்கிற பெண்ணைச் சொந்த அண்ணன் தம்பியில் ஒருத்தனே கொன்னான். நாடே கொதிச்சது. அதே வருசம் அக்டோபரில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மானத்துக்காகச் செய்த கொலைன்னா குடும்பம் மன்னிச்சாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று. அப்புறமும் 2022இல் மேல்முறையீட்டில் அவன் விடுதலையானான். சட்டத்தில் ஓட்டை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நாம நாள்தோறும் பழிக்கிற அந்த நாடு இதுக்கு ஒரு சட்டம்னு கொண்டுவந்தது. நம்ம நாட்டில் சட்டக் கமிஷன் 2012லேயே தன் 242ஆவது அறிக்கையில் தனிச்சட்டம் வேணும்னு எழுதிக் கொடுத்தது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் கட்டளைகள் போட்டது. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவினைப் பட்டப்பகலில் வெட்டின பிறகுதான், அந்த வருசம் அக்டோபரில், தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம்னு தமிழ்நாடு அரசாங்கம் அறிவிச்சது. நடுவில் எத்தனை பிணம் எடுத்தோம்?

இப்போ இலங்கைக்கு வர்றேன். நமக்கு ரொம்பப் பக்கத்து நாடு, ஒரே மொழி. நம்ம பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் கடல் தாண்டிப் போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பியது அங்கேதான். அம்பேத்கரும் 1950இல் அங்கே நடந்த பௌத்த மாநாட்டுக்குப் போனார். புத்தர் பேரைச் சொல்ற நாட்டில் சாதி இருக்காதுன்னு நாம ஆசைப்பட்டோம். ஆனா 1753இல் தொடங்கின சியாம் நிகாயம் என்கிற பெரிய சங்கத்தில் கொவிகம சாதிக்காரனுக்குத்தான் துறவிப் பட்டம். மத்தவங்க தனிச் சங்கம் கட்டிக்க வேண்டியதாச்சு. துறவறத்திலேயே சாதின்னா இல்லறத்தில் கேட்கணுமா? அங்கத்திய ஞாயித்துக்கிழமைப் பத்திரிகையில் கல்யாண விளம்பரத்தைப் பாருங்க, நம்ம பத்திரிகை தோத்துடும்.

தமிழர் பக்கம் யாழ்ப்பாணத்தில் தேசவழமைன்னு ஒரு சட்டம். டச்சுக்காரன் ஆட்சியில் 1707இல் தொகுத்தது. இன்னிக்கும் யாழ்ப்பாணத் தமிழருக்குச் சொத்து விசயத்தில் செல்லும். அதில் பெண்ணுக்குச் சீதனம் அவ பேரிலேயே இருக்கும். அம்மாவோட சொத்து மகளுக்கு வரும். நம்ம பெண்களுக்கு 1989 வரைக்கும் இல்லாத மரியாதைன்னு தோணும். அடுத்த வரியைப் படிக்கணும்: அவ நிலத்தை அவ விக்கணும்னா புருசன் சம்மதிக்கணும். இன்னும் நாலு பக்கம் தள்ளிப் போனா அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர்னு பட்டியல். ஒரே புத்தகத்தில் மகளுக்குச் சீதனமும் இருக்கு, அடிமைக்குக் கட்டுப்பாடும் இருக்கு. ரெண்டும் ஒரே குடும்பத்தோட பண்பாடு. சீதன நிலம் சாதியை விட்டு வெளியே போகக் கூடாதுன்னா மகள் சாதியை விட்டு வெளியே போகக் கூடாது. கணக்கு அவ்வளவுதான். அடிமை முறையை 1844இல் ஒழிச்சாங்க, கணக்கை ஒழிக்கலை. 1957இல் அங்கே தீண்டாமைக்கு எதிராச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளே போக நம்ம மக்கள் போராடினப்ப வாசலில் நின்னு மறிச்சவர் சி.சுந்தரலிங்கம். ஆக்ஸ்போர்டில் படிச்ச கணக்குப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. படிச்சா சாதி போயிடும்னு சொல்றவங்களுக்காகச் சொல்றேன்.

யுத்தம் வந்தது. எல்லாரும் ஓடினாங்க. நம்ம மாவட்டத்தில் கீழ்புத்துப்பட்டில் அகதி முகாம் இருக்கு, உங்களில் சிலபேர் அங்கே பெயிண்டிங் வேலைக்கு ஆள் கூப்பிடப் போயிருப்பீங்க. அங்கே ஒரு வயசான அம்மாகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். "வீடு போச்சு, காணி போச்சு, பிள்ளை ரெண்டு போச்சு தம்பி. போகாமல் எங்களோட போட்டில ஏறி வந்தது சாதி ஒண்டுதான். இஞ்சையும் ஆக்கள் ஆரெண்டு விசாரிச்சுத்தான் கலியாணம்" என்றார். அவர் எந்தச் சாதின்னு நான் கேட்கலை. அவர் என்னைக் கேட்டார்.

இதைத்தான் பாபாசாகேப் 1916லேயே சொல்லிட்டார். அப்போ அவருக்கு 25 வயசு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை படிச்சார். அதில் அவர் கேட்கிற கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு கூட்டம் தனக்குள்ளேயேதான் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டா, ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமா இருக்கணும். புருசன் செத்தா ஒரு பெண் மிச்சம். அவளை என்ன பண்றது? வெளியே விட்டா சாதி உடையும், உள்ளே இன்னொருத்தனுக்குக் கட்டினா இன்னொரு பெண்ணுக்கு மாப்பிள்ளை குறையும். அதனால எரிச்சாங்க, இல்லேன்னா மொட்டையடிச்சு மூலையில் உட்கார வச்சாங்க. பெண்டாட்டி செத்த ஆணுக்கு வயசுக்கு வராத பிள்ளையைக் கட்டி வச்சாங்க. உடன்கட்டை, விதவைக் கோலம், பொம்மைக் கல்யாணம் மூணும் பக்தியால வந்ததில்லை, கல்யாணக் கணக்கைச் சரிக்கட்ட வந்தது. அப்புறம் அதுக்குப் புண்ணியம்னு பேரு வச்சாங்க. மாமன் மகளா, சித்தப்பா மகளா என்பது ஊருக்கு ஊர் மாறும். அடைச்சு வைக்கிற வேலி மாறாது. என் ரூமில் அஞ்சு பேர் ஒரே வாயாப் பேசினதுக்குக் காரணம் அந்த வேலிதான்.

வேலியைச் சட்டத்தால கொஞ்சம் பிரிச்சுப் பார்த்ததும் அவரேதான். இந்துச் சட்ட மசோதாவில் விவாகரத்து கேட்டார், பெண்ணுக்குச் சொத்து கேட்டார். பண்பாடு கெடுதுன்னு கூச்சல் போட்டாங்க. அவர் சொன்ன பதிலைக் கவனிக்கணும்: இந்துக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வழக்கத்திலேயே விவாகரத்து உண்டு, மிச்சப் பத்துப்பேர் வழக்கத்தையா எல்லாருக்கும் சட்டமாக்குறதுன்னு கேட்டார். மசோதாவை முடக்கினதும் 1951 செப்டம்பரில் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார். 1955, 1956இல் துண்டு துண்டா அது சட்டமாச்சு. எல்லையைத் தாண்டின இந்துக்களுக்கு அதுவும் இல்லை. என் ரூம் வங்கதேசத்துக்காரரோட தங்கச்சியைப் புருசன் விட்டுட்டுப் போயிட்டான். அவளுக்குத் தீர்த்துக்கவும் வழி இல்லை, இன்னொருத்தனைக் கட்டவும் வழி இல்லை. அங்கே இந்துக் கல்யாணத்தைப் பதிவு பண்றதுக்கே 2012இல்தான் சட்டம் வந்தது. அதுவும் கட்டாயம் இல்லை, அதில் விவாகரத்தும் இல்லை. பாகிஸ்தான் சிந்துவில் இருக்கிற மேக்வார், பீல், கோலி மக்கள் நம்ம சனங்கதான். அவங்க கல்யாணத்துக்குக் காகிதம் கிடைச்சது 2016, 2017 சட்டங்களால. அதே இந்து, அதே தாலி, நடுவில் ஒரு கம்பிவேலி மட்டும்தான். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது கண்டிச் சட்டத்தில் 1952லேயே இருந்துச்சு. நமக்கு 1976இல்தான் வந்தது.

இவ்வளவு தூரம் நாடு நாடா சுத்தியாச்சு. இனி பஸ் ஏறாம போகக்கூடிய பக்கத்து நாட்டுக்குப் போவோம். நம்ம ஊர்தான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஊர், இந்தப்பக்கம் காலனி. ஒரே பஞ்சாயத்து, ஒரே ரேஷன் கடை, ஆனா ரெண்டு நாடு. குடும்ப ஒழுக்கமும் ரெண்டாத்தான் இருந்தது.

எங்க ஆயா ரெண்டு கல்யாணம் கட்டினவங்க. முதல் புருசன் குடிச்சிட்டு அடிச்சான். பெரியவங்க நாலுபேரைக் கூட்டி, தாலியைக் கழட்டிக் கொடுத்துத் தீர்த்துக்கிட்டாங்க. ரெண்டு வருசத்தில் எங்க தாத்தாவைக் கட்டினாங்க. அறுத்துக் கட்டுறதுன்னு சொல்வோம். அதில் வெட்கம் கிடையாது. ஆயாவே களத்துமேட்டில் நடவுப் பொம்பளைங்ககிட்ட முதல் புருசனைப் பற்றி நையாண்டி பண்ணிச் சிரிப்பாங்க. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போடணும். பெண்ணு உழைக்கிற கை, அந்தக் கையை அனுப்புற வீட்டுக்கு ஈடு கொடுக்கணும்னு நியாயம். இதைப் பார்த்து ஊர்த்தெரு என்ன சொல்லுச்சு? "சேரிக்கு ஏது ஒழுக்கம், இன்னிக்கு ஒருத்தன் நாளைக்கு ஒருத்தன்." அப்படிச் சொன்ன வாய்தான், நம்ம பெண் கழனியில் தனியா இருந்தா கையைப் பிடிச்சு இழுத்தது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 பேரை நாம இழந்தோமே, அது கடைத்தெருவில் நம்ம பெண் ஒருத்தியைச் சீண்டினதில்தான் தொடங்கியது. அவங்க அகராதியில் மானம் என்பது அவங்க வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் உள்ள பொருள். முருகேசனையும் கண்ணகியையும் 2003 ஜூலை 8ஆம் தேதி புதுக்கூரைப்பேட்டையில் விசம் ஊத்திக் கொன்னு எரிச்சது அந்த மானம்தான். சொந்த அண்ணனும் அப்பாவும் அதில் இருந்தாங்க. தண்டனை உறுதியாக 2025 ஏப்ரல் ஆச்சு, உச்சநீதிமன்றம் வரைக்கும். 22 வருசம்.

சரி, இன்னிக்கு நம்ம தெரு எப்படி இருக்கு? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. பரிசம் போச்சு, வரதட்சணை வந்தது. மாப்பிள்ளை போலீசுன்னா பதினைஞ்சு பவுன், பல்சர் வண்டி. வயசுக்கு வந்த பிள்ளையைச் சிம்மாசனத்தில் உட்கார வச்சு, பத்தடி பேனர் கட்டி, ஊரைக் கூட்டிக் காட்டுறோம். படிக்கிற பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகும்? அறுத்துக் கட்டுறதுன்னு வாய்விட்டுச் சொன்னா இப்போ சண்டைக்கு வர்றோம். பக்கத்து நாட்டு ஒழுக்கத்தை இறக்குமதி பண்ணிக்கிட்டோம், சுங்கவரி கட்டுறது நம்ம பெண்கள். இதில் நான் யோக்கியன் இல்லை. சார்ஜாவிலிருந்து வந்த வருசம் என் தங்கச்சி புருசன்கிட்ட அடி தாங்காம வீட்டுக்கு வந்துட்டா. "குடும்ப மானம் போயிடும், போய் அனுசரிச்சு இரு"ன்னு நானே ஆட்டோ பிடிச்சுக் கொண்டுபோய் விட்டேன். அப்போ ஆயா உயிரோட இருந்தாங்க, கண்ணு தெரியாது. "எவன்டா உனக்கு இந்த மானத்தைக் கத்துக்கொடுத்தது?"ன்னு கேட்டாங்க. தங்கச்சி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கா. இடது காது சரியாக் கேட்காது அவளுக்கு.

இன்னும் ஒரு பக்கத்து நாடு பாக்கி இருக்கு. அது நம்ம தெருவுக்குள்ளேயே, கடைசியில் இருக்கிற ரெண்டு வீடு. புதிரை வண்ணார் வீடு. பிறப்புத் துணி, தீட்டுத் துணி, சாவுத் துணி எல்லாம் அவங்க துவைச்சாங்க. ராத்திரியானா கூடையோட வந்து சோறு எடுத்துட்டுப் போனாங்க. நாம அவங்களை வா, போன்னு பேசினோம், வயசு பார்க்காம. 1994இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதினப்ப, உள்வீட்டு அழுக்கை ஏன் தெருவில் அலசுறேன்னு நம்ம பக்கமே கோபப்பட்டோம். நானும் படிக்காமலேயே கோபப்பட்டேன். அழுக்கை எப்பவும் அவங்கதானே அலசினாங்க, அந்தக் கோபத்திலும் அதே பழக்கம்தான். 2009இல் அவங்களுக்கு நலவாரியம் வந்தது. நம்ம மனசில் வாரியம் எதுவும் வரலை.

இந்த இடத்தில் மேடையில் இருக்கிற தோழர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாங்க. விசயம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும், மீதிப்பேருக்கு நானே சொல்லிடுறேன். என் மகளும் அந்தக் கடைசி வீட்டுப் பையனும் கல்யாணம் பண்ணிக்கிறதா இருக்காங்க. ரெண்டு பேரும் திண்டிவனத்தில் வேலை பார்க்கிறாங்க, வயசு வந்தவங்க. வீட்டில் சொன்ன அன்னிக்கு என் மச்சான், என் மாமன் மகளோட கூடப்பிறந்தவர், அரிவாளைத் தேடலை, ஆனா அதே வார்த்தையைத்தான் தேடினார்: "மானம்." எனக்கு அந்தக் கரண்டு போன ராத்திரி ஞாபகம் வந்தது. ஆறு பேர் ரூமில் நான் சொன்ன பதில் இன்னும் என் வாய்க்குள்ளே இருக்கான்னு தேடிப் பார்த்தேன். இருந்தது தோழர்களே. ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. காலையில எழுந்து அந்தப் பையனோட அப்பாவைப் பார்க்கப் போனேன். அறுபது வருசத்தில் அந்தத் திண்ணையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் நின்னுக்கிட்டே இருந்தார். உட்காருங்கன்னு நான் மூணு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அவர் வீட்டிலே அவரை நான் உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

வைகாசி மாசம் வச்சிருக்கோம். தாலி உண்டா இல்லையான்னு அவங்க ரெண்டு பேரும் இன்னும் முடிவு பண்ணலை, அது அவங்க பாடு. மாலை மாத்திக்கிட்டாலே போதும், 1967இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தில் செல்லும். அப்புறம் ரிஜிஸ்தர் ஆபீசுல பதிவு. சாட்சிக் கையெழுத்துக்கு மச்சான் வரமாட்டேன்னுட்டார். ரெண்டு கையெழுத்து வேணும், ஒண்ணு தங்கச்சி போடறேன்னிருக்கா, புருசனைக் கேட்கலை. இன்னொண்ணுக்கு இங்கே இருந்து யாராவது வரணும். சாப்பாடு கடைசி வீட்டில், சமையல் அவங்கதான். நான் பத்திரிகை அடிக்கலை, இதையே பத்திரிகையா வச்சுக்கிட்டு வாங்க.